எஸ்டேட் என்றால் தோட்டம் மட்டும்தானா?

இந்த வாரம் நாம் எடுத்துக்கொண்டிருக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு நம்மில் யாருக்கும் அகராதி தேவைப்படாது. எஸ்டேட். லாபு, ரந்தாவ், போர்ட்டிக்சன், பகாவ், கெமிஞ்சே என்று நெகிரி செம்பிலானில் எந்தப் பக்கம் போனாலும், பெரியவர்கள் தங்கள் கதையை 'நான் இன்ன எஸ்டேட்டில் பிறந்தேன்' என்றுதான் தொடங்குவார்கள். லின்சம், பிராட்வால், சுவா பெத்தோங், கெடிஸ் என்ற தோட்டப் பெயர்கள் இன்றும் நம் தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் 'லாடாங்' என்ற மலாய்ச் சொல்லோடு சேர்ந்து வருகின்றன.

ஆனால், காலமான தகப்பனாரின் பெயரைப் போட்டு, 'இன்னாரின் எஸ்டேட்' என்று வங்கியிலிருந்தோ வழக்கறிஞரிடமிருந்தோ ஒரு கடிதம் வந்தால்? 'அப்பாவுக்கு ஏது எஸ்டேட்? அவர் காலமெல்லாம் பால்மரம் சீவியவர் ஆயிற்றே' என்று கடிதத்தை மூடி வைத்துவிடக்கூடாது. அங்கேதான் இந்தச் சொல்லின் இன்னொரு பொருள் இருக்கிறது.

முதலில் பிறப்பைப் பார்ப்போம். லத்தீன் மொழியில் 'ஸ்டேட்டஸ்' என்றால் நிலை. அது பழைய பிரெஞ்சு மொழிக்கு வந்தபோது, ஸகரத்தில் சொல்லைத் தொடங்க அந்த நாக்கு தயங்கி, முன்னால் ஓர் எகரத்தைச் சேர்த்துக்கொண்டது. நாம் ஸ்கூலை இஸ்கூல் என்கிறோமே, அதே கதைதான். 'ஸ்டேட்' என்பதை 'இஸ்டேட்' என்று சொல்லும் நம் பாட்டியைப் பார்த்துப் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஸ்டேட்டும் எஸ்டேட்டும் ஒரு தாய் மக்கள் என்பதை அவர்களிடம் சொல்லுங்கள்!

ஒருவனுடைய நிலை என்ன என்ற கேள்வி, அவனிடம் என்ன இருக்கிறது என்ற கேள்வியாக மாறியது. அன்றைய ஐரோப்பாவில் இருப்பது என்றால் நிலம்தான். ஆகவே பெரிய நிலப்பரப்புக்கே அந்தப் பெயர் நின்றது. வெள்ளைக்காரத் துரைமார்கள் அதை இங்கே கொண்டுவந்தார்கள். முதலில் காப்பி, பிறகு ரப்பர், அதற்கும் பிறகு செம்பனை. பயிர் மாறியது, பெயர் மாறவில்லை.

ஒத்த சொற்களைப் பார்த்தால் 'பிளாண்டேஷன்' நெருங்கியது. அது பயிரைச் சொல்லும், எஸ்டேட் சொத்தைச் சொல்லும். அஸ்ஸாம் தேயிலைக்காரர்கள் 'கார்டன்' என்கிறார்கள், நம் 'தோட்டம்' போலவே. ஊரில் கிணற்றடியில் கத்தரி, வெண்டை போட்ட இடத்தைத் தோட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்த காட்டுக்கும் அதே பெயரை வைத்தார்கள் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. மலாயில் 'லாடாங்' என்பது முன்னாளில் காடு திருத்திச் செய்யும் மேட்டுநிலப் பயிர். சிறியது என்றால் 'கெபுன்'.

சட்டத்திலும் இதற்கு ஓர் அளவு உண்டு. தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி, அடுத்தடுத்து அமைந்த 40 ஹெக்டேருக்குக் குறையாத விவசாய நிலமே தோட்ட நிலம். அதைத் துண்டு போட்டு விற்க தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். 1950-களில் தோட்டங்கள் கண்டபடி துண்டாடப்பட்டு, நம்மவர்கள் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்த காலத்தை மூத்தவர்கள் அறிவார்கள். அந்த வேதனையில்தான் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களே பங்கு போட்டுத் தோட்டம் வாங்கினார்கள். தோட்டத்தில் இருந்தவனுக்குத் தோட்டத்தில் பங்கும் கிடைத்தது அப்போதுதான்.

ஹவுசிங் எஸ்டேட் என்றால் நம் தாமான். ரியல் எஸ்டேட் என்றால் அசையாச் சொத்து. பத்திரிகையை நான்காவது எஸ்டேட் என்பார்கள். அது பழைய 'நிலை' என்ற பொருளின் மிச்சம். இவற்றில் குழப்பமில்லை.

குழப்பம் சட்டத்தில்தான். அங்கே எஸ்டேட் என்றால் இறந்தவர் விட்டுச்சென்ற மொத்தம்: வீடு, வங்கிப் பணம், மோட்டார் சைக்கிள், பங்குகள், கடன் உட்பட. மலாயில் 'ஹர்த்தா புசாக்கா'. 1991 நவம்பரில் ரத்து செய்யப்பட்ட 'எஸ்டேட் டியூட்டி' ரப்பர் தோட்டத்து வரியல்ல, இந்தச் சொத்தின் மீதான வரி.

தோட்டத்தை விட்டு வெளியேறி, சேமநிதிப் பணத்தைப் போட்டுத் தாமானில் ஒரு மலிவு வீடு வாங்கிய தகப்பனார்கள் நம்மிடையே நிறைய. அவர் கண்மூடிய பிறகும் வீடு அவர் பெயரிலேயே கிடக்கிறது. 'பெரியவன் இருக்கிறான், பார்த்துக்கொள்வான்' என்று விட்டுவிடுகிறோம். பிறகு பெரியவனும் போய்விடுவான். வாரிசுகள் இரண்டு மடங்காகிவிடுவார்கள். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் எங்கே என்றே தெரியாது. வீட்டை விற்கவும் முடியாது, அடமானம் வைக்கவும் முடியாது.

உயில் இல்லாமல் வீடோ நிலமோ விட்டுச்சென்றவரின் சொத்தைப் பிரிக்க 1955-ஆம் ஆண்டின் சிறு எஸ்டேட் பங்கீட்டுச் சட்டம் இருக்கிறது. 'சிறு' என்றதும் நம் சின்ன வீட்டுக்குத்தானே என்று நினைக்கலாம். 20 லட்சம் ரிங்கிட்டாக இருந்த வரம்பு 2024 ஜூலையிலிருந்து 50 லட்சம் ரிங்கிட். நம்மில் அநேகமாக எல்லாரும் இதற்குள் அடங்கிவிடுவோம். இதற்கு உயர்நீதிமன்றம் போக வேண்டாம். 'போராங் ஏ' பாரத்தைப் பூர்த்தி செய்து, இறப்புப் பத்திரம், நிலப்பட்டா நகல், வாரிசுகளின் அடையாள அட்டை, பிறப்பு, திருமணப் பத்திரங்களோடு மனுச் செய்யலாம். விசாரணை நாளில் வாரிசுகளை அழைத்துக் கேட்பார்கள்.

யாருக்கு எவ்வளவு? முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால் 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் பேசும். துணைவிக்கு நான்கில் ஒன்று, பெற்றோருக்கு நான்கில் ஒன்று, பிள்ளைகளுக்குப் பாதி. பெற்றோர் இல்லையென்றால் துணைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. கட்டிக்கொடுத்துவிட்டோம் என்று மகளை ஒதுக்கச் சட்டத்தில் இடமில்லை. தாயார் பெயருக்கே முழு வீட்டையும் மாற்ற விரும்பினால், மற்ற வாரிசுகள் விசாரணையில் சம்மதம் தெரிவிக்க வேண்டும்.

சேமநிதிப் பணம் மட்டும் தனிக்கணக்கு. முஸ்லிம் அல்லாத உறுப்பினர் ஒருவரை நியமித்திருந்தால், பணம் எஸ்டேட்டுக்குள் வராமல் நேராக அவருக்கே போகும். கல்யாணத்துக்கு முன்பு யார் பெயரை எழுதினோம் என்பதைத் திங்கட்கிழமையே போய்ப் பார்த்துவிடுங்கள்.