பழசை மூடலாம், பழுதை மூடக் கூடாது: பீரோவுக்கு வினைல் ஸ்டிக்கர் ஒட்டப் போறீங்களா?

இந்த ரீல்ஸை நீங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க. பெயிண்ட் உரிஞ்ச ஒரு பழைய பீரோ, பக்கத்துல ஒரு ரோல் ஸ்டிக்கர். பாட்டு மாறுது, பீரோ வெள்ளை மார்பிள் ஆயிடுது. மூணு மாசம் கழிச்சு அந்த பீரோ எப்படி இருக்குன்னு மட்டும் யாரும் ரீல்ஸ் போடுறது இல்ல. ஓரம் சுருண்டு, நடுவுல குமிழ் வந்து, ஒட்டுறதுக்கு முன்னாடி இருந்ததை விட மோசமா நிக்கிற பீரோவையும் நாம பார்த்திருக்கோம்தானே?

ஒரே மாதிரி ஸ்டிக்கர் ஒரு வீட்ல வருஷக்கணக்கா நிக்குது, இன்னொரு வீட்ல மூணு மாசத்துல உரியுது. இதுக்கு ராசி காரணம் இல்ல, கொஞ்சம் மெட்டீரியல் சயின்ஸ்தான் காரணம். அதைத்தான் இந்தக் கட்டுரையில பார்க்கப் போறோம்.

எங்க ஊர் ஆர்.கே.பேட்டை. திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டின ஊர். இங்க, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம்னு சுத்துவட்டாரம் முழுக்க நெசவு. ஒரு அறையில தறி ஓடும், அடுத்த அறையில பீரோ நிக்கும். இப்படிப்பட்ட வீட்ல புது பீரோ வாங்குறது சின்ன விஷயம் இல்ல, பல ஆயிரம் ரூபாய் சமாச்சாரம். பொண்ணு பார்க்க வர்றாங்க, ஆடிக் கிருத்திகைக்குச் சொந்தக்காரங்க வந்து தங்குறாங்கன்னா, சில நூறு ரூபாய் ஸ்டிக்கர்தான் கைக்கு எட்டுற வழி. அந்தக் கொஞ்ச காசும் வீணாகக் கூடாது இல்லையா?

அந்த ஷீட்டுக்குள்ள என்ன இருக்கு?

நாம கடையில "வால்பேப்பர்", "மார்பிள் ஸ்டிக்கர்"னு கேட்டு வாங்குறது பெரும்பாலும் பேப்பரே இல்ல, பி.வி.சி. பிளாஸ்டிக். தண்ணி பைப்புக்கு வர்ற அதே பி.வி.சி.தான். பைப் விறைப்பா இருக்கு, ஸ்டிக்கர் துணி மாதிரி வளையுது. காரணம், இதுல பிளாஸ்டிசைசர்னு ஒரு எண்ணெய் மாதிரி பொருள் கலந்திருக்கும். அது பாலிமர் சங்கிலிகளுக்கு நடுவுல புகுந்து, ஒண்ணு மேல ஒண்ணு வழுக்க விடுது. 1926-ல அமெரிக்காவுல பி.எஃப். குட்ரிச் கம்பெனியில வேலை பார்த்த வால்டோ செமன் கண்டுபிடிச்ச விஷயம் இது.

வருஷம் போகப் போக அந்தப் பிளாஸ்டிசைசர் மெல்ல வெளியேறும். வெயிலும் சூடும் இருந்தா இன்னும் வேகமா. அப்போ ஷீட் சுருங்கி விறைச்சுப் போகும். ஜன்னல் ஓரத்துல இருக்கிற ஸ்டிக்கர் முதல்ல உரியுறதுக்கு இது ஒரு காரணம்.

அடுத்தது பசை. ஃபெவிகால் காய்ஞ்சு கெட்டியாகி பிடிக்கும். ஸ்டிக்கர் பசை காயவே காயாது. பாதி திரவம், பாதி திடம்னு எப்பவும் ஒரு நடுநிலையில இருக்கும். அழுத்தினா, கீழ இருக்கிற பரப்போட நுண்ணிய மேடு பள்ளத்துக்குள்ள மெதுவா வழிஞ்சு போய் உட்காரும். இதுக்குப் பேர்தான் பிரஷர் சென்சிட்டிவ் அடிசிவ். இதுல இருந்து ரெண்டு பாடம்:

ஒண்ணு, இந்தப் பசைக்கு அழுத்தமும் நேரமும் வேணும். ஒட்டின உடனே முழு பிடிமானம் வராது, ஒண்ணு ரெண்டு நாள் ஆகும்.

ரெண்டு, பசை முதல்ல எதைத் தொடுதோ அதைத்தான் பிடிக்கும். பீரோ மேல தூசி இருந்தா அது தூசியைப் பிடிக்கும், எண்ணெய் இருந்தா எண்ணெயைப் பிடிக்கும். "பசை சரியில்ல"ன்னு சொல்றோமே, அந்த ஸ்டிக்கரோட பின்பக்கத்தை ஒரு தடவை திருப்பிப் பாருங்க. பீரோவுல இருந்த அழுக்கு அப்படியே அதுல ஒட்டியிருக்கும். பசை தன் வேலையைச் சரியாத்தான் செஞ்சிருக்கு!

எது மேல ஒட்டலாம்?

*ஸ்டீல் பீரோ:* நல்ல பெயிண்ட் இருந்தா அருமையா ஒட்டும். துரு இருந்தா தேய்ச்சு எடுத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடிச்சு, நல்லா காய விடணும். ஒரு வாரமாவது விடுங்க. அரைகுறையா காய்ஞ்ச பெயிண்ட்ல இருந்து வர்ற ஆவி ஸ்டிக்கருக்கு அடியில மாட்டிக்கிட்டு குமிழாகும்.

*சன்மைக்கா:* வழவழப்பான பரப்பு. எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தா போதும்.

*கடப்பா கல் ஷெல்ஃப்:* எங்க பக்கத்துல பழைய சமையலறை எல்லாத்துலயும் இருக்கும். பாலிஷ் பண்ணின கல்லுல நல்லா ஒட்டும். சொரசொரப்பான கல்லுல மேடு மட்டும்தான் பசையைத் தொடும், அதனால பிடிமானம் குறைவு.

*பச்சை பிளைவுட், பார்ட்டிக்கிள் போர்டு:* துளை உள்ள பரப்பு. நேரடியா ஒட்டாதீங்க. உப்புத்தாள் போட்டு, வுட் பிரைமர் ஒரு கோட் அடிச்சு, காய்ஞ்ச பிறகு ஒட்டுங்க.

*சுண்ணாம்பு அடிச்ச சுவர்:* விட்டுடுங்க. கையில தேய்ச்சா வெள்ளையா வருதே, அந்த மாவுதான் பசையிலயும் வரும்.

எதை மூடக் கூடாது?

ஸ்டிக்கர் பழசா தெரியுற பொருளுக்கு. பழுதான பொருளுக்கு இல்ல. இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

மர அலமாரி பின்னாடி மண் கோடு மாதிரி கரையான் தடம் இருந்தா, அதுக்கு மேல ஸ்டிக்கர் ஒட்டுறது கரையானுக்குத் திரை போட்டுக் கொடுக்கிற மாதிரி. உள்ள என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது. முதல்ல மருந்து, அப்புறம்தான் அலங்காரம்.

தண்ணி குடிச்சு உப்பின பார்ட்டிக்கிள் போர்டும் அப்படித்தான். ஷீட் தடிமன் பெரும்பாலும் 0.1 மி.மீ. இல்ல அதை விடக் கொஞ்சம் கூட. உப்பலை அது மறைக்காது, பளபளப்புல இன்னும் தூக்கலா காட்டும். ஓதம் அடிக்கிற சுவர்ல சாய்ஞ்சு நிக்கிற அலமாரிக்கு ஒட்டினா, ஈரம் வெளியேற வழியில்லாம மரம் உள்ளயே உளுத்துப் போகும்.

இன்னொரு விஷயம், இதை ரீல்ஸ்ல யாரும் சொல்றதில்ல. வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல இருக்கக் கூடாதுங்கிற விதி இந்தியாவுல 2017 நவம்பர்லதான் நடைமுறைக்கு வந்துச்சு. அதாவது உங்க அம்மா கல்யாணத்துக்கு வந்த பீரோவோட பெயிண்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பு இருக்கு. அதை உலர்வா தேய்ச்சு தூசி கிளப்பாதீங்க. வாட்டர் பேப்பரை நனைச்சு, வாசல்ல வச்சு தேய்ங்க. மாஸ்க் போடுங்க. குழந்தைங்களைத் தள்ளி வைங்க. அந்தத் தூசியை ஈரத் துணியால துடைச்சு எடுங்க, விளக்குமாறு வேண்டாம்.

அளவுல ஏமாறாதீங்க

கடையில 45 செ.மீ., 60 செ.மீ. அகலத்துல ரோல் கிடைக்கும். 3 அடி அகல பீரோவுல ஒரு கதவு கிட்டத்தட்ட 45 செ.மீ. "ஆஹா, கரெக்ட்டா இருக்கே"ன்னு 45 செ.மீ. ரோலை எடுக்காதீங்க. கதவு ஓரத்துல உள்பக்கமா மடிச்சு ஒட்ட ஷீட்டே மிச்சம் இருக்காது. மடிக்காத ஓரம்தான் முதல்ல சுருளும். 60 செ.மீ. ரோல்தான் சரி. மரக்கோடு, மார்பிள் டிசைன் எடுத்தா எல்லா கதவுலயும் கோடு ஒரே திசையில வரணும். அதையும் சேர்த்துக் கணக்கு போட்டு, ஒரு அரை மீட்டர் கூடவே வாங்குங்க.

ஒட்டுற முறை

1. கைப்பிடியை ஸ்க்ரூ கழட்டி எடுங்க. அதைச் சுத்தி வெட்டி ஒட்டுனா அங்க இருந்துதான் கிழியும்.

2. பாத்திரம் தேய்க்கிற சோப்பும் வெதுவெதுப்பான தண்ணியும் போட்டுத் துடைங்க. அப்புறம் வெறும் தண்ணியில ரெண்டு தடவை. சோப்பு மிச்சம் இருந்தாலும் ஒட்டாது. ராத்திரி முழுக்க காய விடுங்க. ஹேண்ட் சானிட்டைசர் ஜெல் போட்டுத் துடைக்கிற ஐடியா வேண்டாம். அதுல கிளிசரின் மாதிரி கையை மென்மையாக்குற பொருள் இருக்கும், அது பீரோ மேல படலமா தங்கிடும்.

3. ரோலோட பின்பக்கம் இருக்கிற கட்டக்கோடு சும்மா இல்ல, வெட்டுறதுக்குத்தான். நாலு பக்கமும் 2 இல்ல 3 செ.மீ. கூட விட்டு வெட்டுங்க.

4. பேக்கிங் பேப்பரை முழுசா உரிக்காதீங்க. மேல 10 செ.மீ. மட்டும் உரிச்சு, நேரா வச்சு ஒட்டுங்க. ஒருத்தர் பேப்பரைக் கீழ இழுக்க, இன்னொருத்தர் மேல இருந்து தேய்ச்சுக்கிட்டே வரணும். இது ரெண்டு பேர் வேலை. ரூம்மேட்டை டீ வாங்கிக் கொடுத்தாவது கூப்பிடுங்க.

5. தேய்க்கிறது நடுவுல இருந்து ஓரத்துக்கு. பழைய ஏ.டி.எம். கார்டு மேல மெல்லிய துணி சுத்துனா போதும். குமிழ் வந்தா உரிச்சு எடுக்க அவசரப்படாதீங்க. ஊசியால ஒரு குத்து, விரலால ஒரு அழுத்து.

6. மூலையில ஹேர் டிரையர் லேசா காட்டி, மடிச்சு, ஆறுற வரைக்கும் பிடிச்சிருங்க. ஆனா ரப்பர் மாதிரி இழுத்து ஒட்டாதீங்க. இழுத்த பி.வி.சி. பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும், நாளைக்கு அதே மூலை தூக்கும்.

7. கடைசியா புது பிளேடு போட்டு மிச்சத்தை வெட்டுங்க. மழுங்கின பிளேடு ஷீட்டை வெட்டாது, பிய்க்கும். ரெண்டு நாளைக்கு ஈரத்துணி வேண்டாம்.

எங்க ஊர் சோதனை: வெயிலும் பஞ்சும்

திருத்தணி பக்கம் மே மாச வெயில் எப்படின்னு வானிலைச் செய்தி பார்க்கிற எல்லாருக்கும் தெரியும், 40 டிகிரி தாண்டுறது இங்க சகஜம். ஒரு சின்ன கணக்கு போடுவோம். ஒரு டிகிரி சூடு ஏறினா, ஒரு மீட்டர் நீள இரும்பு சுமார் 12 மைக்ரான் நீளும். பி.வி.சி. குறைஞ்சது 50 மைக்ரான். 2 மீட்டர் உயர பீரோ, காலையில இருந்து மதியத்துக்குள்ள 20 டிகிரி சூடாகுதுன்னு வச்சுக்கோங்க. இரும்பு 0.5 மி.மீ. கூட நீளாது, ஷீட் 2 மி.மீ. நீளப் பார்க்கும். இரும்பு அதை விடாது. இந்தத் தள்ளுமுள்ளு தினமும் நடக்குது, அத்தனையும் தாங்குறது அந்தப் பசைதான். அதுவும் சூட்டுல இளகியிருக்கும் நேரத்துல! ஓரத்தை உள்பக்கம் மடிச்சு ஒட்டச் சொன்னதுக்கு இதுதான் காரணம். வெயில் நேரா விழுற இடத்துல இருந்து பீரோவைத் தள்ளி வைங்க. ஒட்டுற வேலையைக் காலையிலயே முடிங்க. உச்சி வெயில்ல பசை பட்ட இடத்துல கப்புன்னு பிடிச்சுக்கும், தப்பா வச்சா எடுத்து மாத்த முடியாது.

பஞ்சு அடுத்த தலைவலி. தறி ஓடுற வீட்ல காத்துல எப்பவும் பஞ்சுத் தூசி பறக்கும். பேக்கிங் பேப்பரை உரிக்கும்போது ஸ்டாட்டிக் சார்ஜ் வேற உண்டாகி, அது பஞ்சை வா வான்னு இழுக்கும். தறி நிக்கிற நாள்ல வேலையை வச்சுக்கோங்க. தரையை ஈரத்துணியால துடைச்சு, ஃபேனை நிறுத்தி, தூசி அடங்க ஒரு மணி நேரம் விட்டு ஆரம்பிங்க.

அடுப்புப் பக்கம் வேண்டாம்

சமையலறை ஷெல்ஃபுக்கு ஒட்டலாம், கேஸ் அடுப்பை ஒட்டின சுவருக்கும் அலமாரிக்கும் வேண்டாம். பி.வி.சி. சட்டுனு தீப்பிடிக்காது, ஆனா சூட்டுல இளகும், கருகும். சுத்தமான பி.வி.சி.யோட எடையில பாதிக்கு மேல குளோரின். எரிஞ்சா ஹைட்ரஜன் குளோரைடு வரும், அது ஈரம் பட்டா ஹைட்ரோகுளோரிக் ஆசிட். நம்ம கண்ணுலயும் மூச்சுக்குழாய்லயும் ஈரம் இருக்கே!

உரிக்கும்போது

பழைய ஸ்டிக்கரை ஹேர் டிரையர் காட்டி, மெதுவா, பரப்போட ஒட்டினாப்புல பின்னோக்கி மடிச்சு உரிங்க. வெடுக்குன்னு இழுத்தா பெயிண்டும் சேர்ந்து வரும். மிச்சப் பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி அரை மணி நேரம் ஊற விட்டு, வழிச்சு எடுத்து, சோப்பு போட்டுக் கழுவுங்க. ஹாஸ்டல் அலமாரி, வாடகை வீட்டு கதவுன்னா ஒட்டுறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க. ஒரு மறைவான மூலையில சின்ன துண்டு ஒட்டி, ஒரு வாரம் கழிச்சு உரிச்சுப் பாருங்க. பெயிண்ட் வந்தா அந்தத் திட்டத்தையே விட்டுடுங்க.

உரிச்ச ஷீட்டை என்ன பண்றது? வீட்டைச் சுத்தம் பண்றது பெரும்பாலும் போகிக்கு முன்னாடிதான். அன்னைக்கு விடியக்காலையில பழைய பாய், துணியோட இந்த ஷீட்டும் நெருப்புக்குப் போயிடும். தயவுசெஞ்சு தடுத்திடுங்க. அடுப்புப் பக்கம் வேண்டாம்னு சொன்ன அதே ஆசிட் புகைதான் இங்கயும் வரும், கூடவே டயாக்சின்ங்கிற நச்சும் சேரும். நெருப்பைச் சுத்தி நின்னு மேளம் அடிக்கிறது நம்ம வீட்டுச் சின்னப் பசங்கதான். ஷீட்டைச் சுருட்டி, மக்காத குப்பையில தனியா கொடுத்திடுங்க.

இந்த லீவுல வீட்டுக்குப் போனா, ரோல் வாங்குறதுக்கு முன்னாடி பீரோவைச் சுவர்ல இருந்து ஒரு அடி இழுத்து, பின்பக்கம் டார்ச் அடிச்சுப் பாருங்க. துரு, ஓதம், கரையான் எதுவும் இல்லைன்னா கடைக்குக் கிளம்பலாம். இருந்தா, ஸ்டிக்கர் காசை முதல்ல அதுக்குச் செலவு பண்ணுங்க.