நான்கு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையே

மாலை ஆறரை மணிக்கு மேல் ஆவடி ரயில் நிலையத்தில் இறங்குவோரில் பலர் நேராக வீட்டுக்குச் செல்வதில்லை. சென்ட்ரலிலிருந்தும் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்தும் வேலை முடித்து வருபவர்கள் வாகன நிறுத்தத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு கராத்தே வகுப்பின் வாசலுக்கோ இந்தி ஆசிரியையின் வீட்டுக்கோ விரைகிறார்கள். மகனை ஓரிடத்தில், மகளை வேறோரிடத்தில் ஏற்றிக்கொண்டு, வழியில் தோசைமாவு வாங்கி, வீடு சேரும்போது எட்டு மணியாகிவிடுகிறது. பிறகு வீட்டுப்பாடம். அதற்கும் பிறகுதான் இரவு உணவு.

இந்த மாலைப்பொழுது குழந்தைகள் நலப் பிரிவில் வேறு வடிவத்தில் எங்கள்முன் வந்து அமர்கிறது. தலைவலி, காலை நேர வயிற்றுவலி, வகுப்பறையில் தூங்கிவழிதல், எதற்கெடுத்தாலும் எரிச்சல் என்று பெற்றோர் சொல்லத் தொடங்குவார்கள். பார்வைக் குறைபாடு, ரத்தசோகை, தொற்று முதலியவை இருக்கின்றனவா என்று முதலில் பார்த்தாக வேண்டும். அதில் குறுக்குவழி கிடையாது. அவை இல்லையென்று தெரிந்த பின் நாங்கள் குழந்தையிடம் கேட்கும் கேள்வி எளியது: நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய்? குழந்தை பதில் சொல்வதற்குள் தாயும் தந்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கமும், பதின்மூன்று முதல் பதினெட்டு வயதினருக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கமும் தேவை என்பது அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரை. பள்ளி வேன் ஏழு மணிக்கு வருமானால் குழந்தை ஆறு மணிக்கு எழ வேண்டும். இரவு பத்தரைக்குப் படுத்தால் கிடைப்பது ஏழரை மணி நேரம். குறைந்தபட்ச அளவிலிருந்தே நாளுக்கு ஒன்றரை மணி நேரம் குறைகிறது. ஐந்து பள்ளி நாட்களில் அது ஏழரை மணி நேரம். அதாவது, வாரத்தில் ஓர் இரவு முழுவதும் அந்தக் குழந்தை உறங்கவேயில்லை என்று கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்கவிட்டால் கடன் தீர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது முழுதாகத் தீர்வதில்லை. ஞாயிறு இரவு உறக்கம் வரத் தாமதமாகி, திங்கட்கிழமை காலை இன்னும் கடினமாகிறது. வளர்ச்சி ஹார்மோன் மிகுதியாகச் சுரப்பது ஆழ்ந்த உறக்கத்தில்தான். பகலில் படித்தது நினைவில் படிவதும் உறக்கத்தில்தான். மதிப்பெண்ணுக்காகக் குறைக்கப்படும் உறக்கம் மதிப்பெண்ணையே குறைக்கிறது.

குழந்தைகளின் சுமை பற்றிய கவலை நமக்குப் புதிதன்று. சென்னையில் பிறந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயண், மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக 1989-இல் பேசியது புத்தகப் பையின் பாரத்தைப் பற்றித்தான். பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு 1993-இல் சுமையற்ற கற்றலை வலியுறுத்தி அறிக்கை அளித்தது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் கூறியது. அதே ஆண்டில் மத்திய அரசு அவ்வகுப்புகளுக்கான பையின் எடையை ஒன்றரைக் கிலோவாக வரையறுத்தது. பையைப் பற்றி இத்தனை பேர் பேசியிருக்கிறார்கள். மாலை நேரத்தை எவரும் எடை போட்டுப் பார்த்ததில்லை.

வகுப்புகளைக் குறையுங்கள் என்று மருந்துச் சீட்டில் எழுதிவிடுவது மருத்துவருக்கு எளிது. ஆனால் ஆவடியில் அது பாதி உண்மையையே தொடும். கனரக வாகனத் தொழிற்சாலைக்கும் விமானப்படைத் தளத்துக்கும் பட்டாபிராம் டைடல் பூங்காவுக்கும் வெளியூர்களிலிருந்து வேலைக்கு வந்து, தாத்தா பாட்டியின் துணையில்லாமல் வாழும் குடும்பங்கள் இங்கு உண்டு. தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் வீட்டில், நான்கு மணிக்குத் திரும்பும் குழந்தைக்கு ஏழு மணி வரை ஒரு பாதுகாப்பான இடம் வேண்டும். அபாகஸ் வகுப்பு பல வீடுகளில் கணக்குக்காக அன்று, அது காப்பகம். அதை ஆடம்பரம் என்று குறை சொல்வதில் நியாயமில்லை.

ஆகவே எங்கள் ஆலோசனை இரவிலிருந்து தொடங்குகிறது. தாளில் முதலில் படுக்கும் நேரத்தை எழுதுங்கள். ஒன்பது மணி என்றால், இரவு உணவு எட்டு மணிக்குள் முடிய வேண்டும். மீதியுள்ள இடத்தில் எது பொருந்துகிறதோ அதுவே அந்த வீட்டின் வகுப்பு. இரண்டு வகுப்புகளில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால், உட்கார்ந்து கற்பதை விட்டு ஓடியாடும் வகுப்பை, சிலம்பமோ கால்பந்தோ பரதமோ, தேர்ந்தெடுக்கும்படி சொல்வோம். ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு நாள்தோறும் சராசரியாக ஒரு மணி நேரமாவது வேகமான உடலியக்கம் வேண்டுமென்கிறது உலக சுகாதார அமைப்பு. பகல் வெளிச்சத்தில் வெளியே கழியும் நேரம் கிட்டப்பார்வை தொடங்குவதைத் தள்ளிப்போடுகிறது என்பதால், தைவான் பள்ளிகள் 2010 முதல் நாளுக்கு இரண்டு மணி நேர வெளிப்புற நேரத்தை வலியுறுத்தி வருகின்றன. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் சும்மா நடந்துவரும் மாலையையும் ஒரு வகுப்பாகவே எண்ணிக்கொள்ளலாம்; அதற்குக் கட்டணமும் தேர்வும் இல்லை என்பதுதான் வேறுபாடு.

நெடுநாள் சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளின் வீடுகளில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகிறது. வலிப்பு நோய் உள்ள குழந்தைக்கு உறக்கக் குறைவே வலிப்பைத் தூண்டக்கூடும். மருந்தின் அளவு சரியாக இருந்தும், தேர்வுக் காலத்திலோ ஆண்டுவிழா ஒத்திகை நாட்களிலோ வலிப்பு திரும்புகிறதென்றால், முதலில் படுக்கும் நேரத்தையும் தவறிய மாத்திரைகளையும் விசாரிப்போம். மாலை மாத்திரை ஏழு மணிக்கு என்று எழுதியிருக்கும். ஏழு மணிக்குக் குழந்தை டியூஷனில் இருக்கும். ஆஸ்துமா உள்ள குழந்தை தினமும் எடுக்க வேண்டிய தடுப்பு இன்ஹேலர் வீட்டில் இருக்க, மூச்சிரைப்பு கராத்தே கூடத்தில் வருகிறது. உடனடி நிவாரண இன்ஹேலர் குழந்தையின் பையிலேயே இருக்க வேண்டும். அதைப் பயன்படுத்தும் முறையைப் பயிற்சியாளரும் அறிந்திருக்க வேண்டும்.

இன்சுலின் போட்டுக்கொள்ளும் குழந்தை விளையாட்டை விட வேண்டியதில்லை. ஆனால் கடும் பயிற்சிக்குப் பின் சர்க்கரை அளவு அப்போதே குறையலாம். பல மணி நேரம் கழித்து, நள்ளிரவில், குழந்தை உறங்கும்போதும் குறையலாம். வகுப்புக்கு முன்னும் படுக்கைக்கு முன்னும் பரிசோதித்தல், கையில் குளுக்கோஸ் வைத்திருத்தல், நடுக்கமும் வியர்வையும் குழப்பமும் எதைக் குறிக்கும் என்று பயிற்சியாளருக்குச் சொல்லிவைத்தல் ஆகிய மூன்றும் கட்டாயம். பயிற்சி நாட்களில் இன்சுலின் அளவை நீங்களாக மாற்றாதீர்கள். எங்களிடம் கேட்டு மாற்றுங்கள். பிற குழந்தைகளுக்குத் தெரிந்துவிடுமே என்று நோயை மறைக்கும் பெற்றோரின் தயக்கம் புரிகிறது. அதை ஊருக்குச் சொல்ல வேண்டாம். ஆசிரியர் ஒருவருக்கு மட்டும் சொன்னால் போதும்.

தண்ணீர் பற்றியும் ஒரு சொல். பள்ளிக் கழிவறையைத் தவிர்ப்பதற்காகப் பகல் முழுதும் தண்ணீர் குடிக்காமல், அதே சீருடையில் அடுத்த வகுப்புக்குச் செல்லும் சிறுமிகள் பலர். மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் இவ்வாறு வருவதுண்டு. காலையில் கொடுத்தனுப்பிய குப்பி மாலையில் எவ்வளவு காலியாகியிருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

இனி, வண்டியை ஓட்டிச் செல்பவரைப் பற்றி. இரவு எட்டு மணிக்கு சி.டி.எச். சாலையின் நெரிசலில், அப்பாவின் முதுகில் சாய்ந்து உறங்கிவிடும் குழந்தையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பார்க்க அழகாயிருக்கும், மிகவும் ஆபத்தானது. உறங்கும் குழந்தையின் கைப்பிடி ஒரு நொடியில் தளரும். நான்கு வயதுக்கு மேற்பட்ட எவருக்கும் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம் என்பது பின்னிருக்கைக் குழந்தைக்கும் பொருந்தும். கண் சொக்கும் குழந்தையை நிறுத்தி எழுப்பி, முகம் கழுவி, பிறகு புறப்படுங்கள். அல்லது அன்று ஆட்டோவில் செல்லுங்கள்.

குழந்தையின் தடுப்பூசித் தேதியை மறக்காத தாய், தம்முடைய தைராய்டு மாத்திரையை மறக்கிறார். ரத்த அழுத்தத்துக்கான மறுபரிசோதனை, இந்தித் தேர்வு முடியட்டும், ஆண்டுவிழா முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போகிறது. எங்களிடம் குழந்தையோடு வரும்போது பெற்றோரின் மருந்துகளைப் பற்றியும் கேட்போம். அதிகப்பிரசங்கம் என்று எண்ண வேண்டாம்.

அடுத்த முறை வரும்போது குழந்தையின் மருத்துவக் கோப்புடன் அதன் வார அட்டவணையையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள்: வேன் வரும் நேரம், வகுப்புகள், உணவு, படுக்கை. மருந்து வேளைகளை அதற்கேற்ப மாற்ற முடியுமா என்று பார்த்து, முடிந்தவற்றை அந்தத் தாளிலேயே குறித்துத் தருகிறோம்.