புயல் விழுங்கிய விமான நிலையம்: தக்ளோபான் தரும் பாடம்

ஒரு பேரிடர் நடந்துவிட்டால் எத்தனை வீடுகள் இடிந்தன, எத்தனை பேர் மாண்டார்கள் என்றுதான் முதலில் கேட்கிறோம். உதவிப் பொருட்கள் எந்த வழியாக அந்த ஊருக்குள் போய்ச் சேர்ந்தன என்று கேட்பவர்கள் குறைவு. உண்மையில், உயிர் பிழைத்தவர்களின் கதி அந்த ஒரு வழியைத்தான் நம்பியிருக்கிறது. இதற்குப் பிலிப்பைன்ஸின் தக்ளோபான் விமான நிலையத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு நமது வட்டாரத்தில் இல்லை.

லெய்ட்டே தீவிலுள்ள தக்ளோபான், கிழக்கு விசாயாஸ் வட்டாரத்தின் முக்கிய நகரம். அதன் விமான நிலையம் கடலுக்குள் நீண்டிருக்கும் ஒரு குறுகிய நிலத்துண்டின் மீது, கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில்தான் அமைந்திருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் அது இராணுவ விமானத்தளமாக இருந்தது. 1944 அக்டோபரில் ஜெனரல் மெக்கார்தரின் படைகள் லெய்ட்டேயில் இறங்கியபோது, அமெரிக்கப் பொறியாளர்கள் ஈர மணலின் மேல் இரும்புத் தகடுகளைப் பரப்பி அவசர அவசரமாக ஓடுபாதை அமைத்தார்கள். போர்க்காலத்தில் பயன்பட்ட அந்த இடமே பின்னாளில் மக்களின் விமான நிலையமாயிற்று.

2013 நவம்பர் 8ஆம் தேதி ஹையான் புயல் வந்தது. பிலிப்பைன்ஸ் மக்கள் அதை யோலாண்டா என்பார்கள். மணிக்குச் சுமார் 315 கிலோமீட்டர் வேகக் காற்று என்று கணிக்கப்பட்டது. ஆனால் தக்ளோபானை அழித்தது காற்றைவிடக் கடல்தான்.

கடல் ஏன் அப்படிப் பொங்கியது? புயலின் மையத்தில் காற்றழுத்தம் குறையும். ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஏறக்குறைய ஒரு செண்டிமீட்டர் உயரும். வழக்கமாக 1,013 மில்லிபார் இருக்கும் அழுத்தம் அன்று சுமார் 895ஆகக் குறைந்தது. அதனால் மட்டும் ஒரு மீட்டருக்கு மேல் நீர் உயர்ந்திருக்கும். மிச்சத்தைச் செய்தது காற்று. லெய்ட்டே வளைகுடா போகப் போக ஒடுங்கி, ஆழமும் குறைந்து, ஒரு புனலைப் போல் தக்ளோபானில் முடிகிறது. காற்று தள்ளிய நீர் வேறு போக்கிடமின்றி ஐந்து ஆறு மீட்டர் உயரத்துக்கு ஊருக்குள் ஏறியது.

எச்சரிக்கை கொடுக்கப்படாமல் இல்லை. ஆனால் 'புயல் அலையேற்றம்' என்ற சொல் பலருக்கு விளங்கவில்லை. சுனாமி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் எனப் பிழைத்தவர்கள் பின்னர் கூறினார்கள். ஒரு சொல் புரியாமல் போனதற்கு எவ்வளவு பெரிய விலை! அந்தப் புயலில் 6,300 பேர் இறந்ததாக அரசாங்கம் அறிவித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காணாமல் போயினர்.

விமான நிலையத்தில் பயணிகள் முனையம் வெறும் கூடாயிற்று. கட்டுப்பாட்டுக் கோபுரமும் வழிகாட்டும் கருவிகளும் மின்சாரமும் பயனற்றுப் போயின. ஆனால் ஓடுபாதை மட்டும் தப்பியது. இதை நாம் கவனிக்க வேண்டும். கட்டடத்தின் சுவரை நீர் முட்டி உடைக்கிறது. தரையோடு தரையாகக் கிடக்கும் ஓடுபாதையின் மேல் ஏறி இறங்கிவிடுகிறது. குப்பை கூளங்களை அகற்றியதும் ஓரிரு நாட்களிலேயே இராணுவத்தின் சி-130 விமானங்கள் தரையிறங்கின. விளக்குகள் இல்லாததால் முதலில் பகலில் மட்டுமே இறங்க முடிந்தது. பின்னர் அமெரிக்கப் படையினர் தற்காலிக விளக்குகளையும் தொடர்புக் கருவிகளையும் கொண்டு வந்த பிறகே இரவிலும் விமானங்கள் வந்தன. மலேசியாவும் சிங்கப்பூரும்கூட விமானங்களில் உதவி அனுப்பின.

உணவும் மருந்தும் இறங்கிய அதே தளத்தில், ஊரைவிட்டு வெளியேற ஆயிரக்கணக்கானோர் மழையில் காத்து நின்றார்கள். சிதைந்த கட்டடத்தில் மருத்துவ முகாம் இயங்கியது. அங்கே ஒரு தாய் குழந்தையும் பெற்றெடுத்தார். ஆக, அந்த நாட்களில் விமான நிலையமே மருத்துவமனை, அதுவே அகதி முகாம், அதுவே சேமிப்புக் கிடங்கு.

பிறகு எழுந்ததுதான் கடினமான கேள்வி. அதே இடத்தில் மீண்டும் கட்டுவதா, உள்நாட்டுக்குள் மாற்றுவதா? மாற்ற வேண்டும் என்போரின் வாதம் எளியது: ஒருமுறை வந்த கடல் மறுமுறையும் வரும். ஆனால் புதிய இடம் என்றால் நிலம் வாங்க வேண்டும், பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும், பெரும் பணம் வேண்டும். வீடிழந்த மக்களுக்கு விமானம் அன்றாடத் தேவை. மணிலாவிலும் வெளிநாட்டிலும் உழைக்கும் பிள்ளைகள் ஊர் திரும்பும் வாசல் அது. எனவே பழைய இடத்திலேயே முனையத்தைச் சீர் செய்தார்கள், பிறகு விரிவாக்கினார்கள். ஓடுபாதையின் நிலைமை காரணமாகச் சில காலம் ஜெட் விமானங்களுக்குத் தடை இருந்தது. சிறிய விமானங்களே வந்தன. பின்னர் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமான பயணிகள் வந்து போகும் நிலையமாக அது வளர்ந்தது. பெரிய புதிய முனையத்துக்கான திட்டமும் வகுக்கப்பட்டது. தக்ளோபானிலிருந்து தனாவான் வரை சுமார் 27 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடல் தடுப்புக் கரை கட்டும் திட்டமும் தொடங்கப்பட்டது.

அதே இடத்தில் கட்டியது தவறா? தவறென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதே மாதிரி கட்டுவது தவறு. மின்னாக்கிகளும் தொடர்புக் கருவிகளும் மேல்மாடிக்குப் போக வேண்டும். கீழ்த்தளம் நீர் புகுந்து வெளியேறினாலும் தாங்கக் கூடியதாக இருக்க வேண்டும். ஓடுபாதையைச் சில மணி நேரத்தில் துப்புரவு செய்யும் இயந்திரங்கள் மேட்டு நிலத்தில் தயாராக இருக்க வேண்டும். உடைந்தாலும் விரைவில் எழக்கூடிய நிலையமே பாதுகாப்பான நிலையம்.

இது நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். 1996 டிசம்பரில் கிரெக் புயல் சபாவின் கெனிங்காவ் பகுதியில் இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போனது. சிங்கப்பூரில் சாங்கி ஐந்தாம் முனையம் கடல் மட்டத்திற்கு 5.5 மீட்டர் உயரத்தில் அமையும்படி திட்டமிடப்பட்டிருக்கிறது. கடல் உயர்ந்து வருவதை அறிந்து செய்த ஏற்பாடு அது.

நம் வீடுகளில் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் சகோதரிகளில் சிலரேனும் அந்தத் தீவுகளைச் சேர்ந்தவர்களாக இருப்பார்கள். அடுத்த முறை விடுமுறைக்குப் புறப்படும்போது எந்த விமான நிலையத்தில் இறங்குவார் என்று கேட்டுப் பாருங்கள். தக்ளோபான் என்று அவர் சொன்னால், அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் கதை இனி உங்களுக்கும் தெரியும்.