ஓர் அம்பிளிபயர் போதாதா?

அன்பர் ஒருவர் தமது வரவேற்பறையிலிருந்த ஒரு சோடி ஒலிபெருக்கிகளோடு, பழைய பொருட்சந்தையில் வாங்கிய இன்னொரு சோடியையும் சமையலறைக்கென இணைத்தார். அரைமணி நேரத்தில் அம்பிளிபயர் தொடமுடியாதவாறு சூடாகி நின்றுவிட்டது. “வலு போதவில்லை, இன்னொன்று வாங்கவேண்டும்” என்றார். மாதச் செலவையே எண்ணிச் செய்யும் குடும்பம் அது. குறையோ வலுவில் இல்லை, இணைத்த முறையில் இருந்தது.

8 ஓம் ஒலிபெருக்கிகள் இரண்டைச் சமாந்தரமாக இணைத்தால் மொத்தத் தடை 4 ஓம் ஆகின்றது. அம்பிளிபயர் வழங்கவேண்டிய மின்னோட்டம் இரட்டிக்கின்றது. அதன் பின்புறத்திலோ, 6 ஓமுக்குக் குறையலாகாது என அச்சிடப்பட்டிருந்தது. (பின்புறத்தை யார்தான் பார்க்கின்றோம்!) தொடராக இணைத்திருப்பின் 16 ஓம், ஒலி குறைந்திருக்கும், சூடு ஏறியிராது.

இரண்டாவது அம்பிளிபயர் ஒலியை இருமடங்காக்கும் என்பது பரவலான மயக்கம். வலு இரட்டித்தால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. காதுக்கு அது சிறு மாற்றம். இருமடங்கு உரப்பாய்க் கேட்பதற்கு ஏறத்தாழ 10 மடங்கு வலு தேவை. சுவருக்கப்பால் அயலவர் உறங்கும் அடுக்குமாடியில் ஓரிரு வாட் வலுவே பெரும்பாலும் போதும்.

அறைக்கறை வெவ்வேறு நிகழ்ச்சிகளை ஒரே வேளையில் கேட்பதாயின் தனித்தனி அம்பிளிபயர் வேண்டியதே. அன்பர் அதற்குப் போகவில்லை. ஒரு வேளையில் ஒரு சோடியை மாத்திரம் இணைக்கும் சிறு ஆளியொன்றை வாங்கிப் பொருத்தினார். சமையலறையில் மனைவியார் செய்தி கேட்கையில், வரவேற்பறையில் அவரது பாட்டு நின்றுவிடுகின்றது.