கம்பி நுழையும் துளை

பிக்கப் வண்டிக்குக் கூடுதல் விளக்கு பொருத்துகிறீர்களா? பேட்டரி முன்னே, சுவிட்சு உங்கள் கையருகே. இடையில் ஓர் எஃகுத் தகடு. அதைத்தான் ‘ஃபயர்வால்’ என்கிறார்கள்.

வண்டியின் உடல் முழுவதும் பேட்டரியின் எதிர்முனையோடு இணைந்தது. ஆகவே அதிர்வில் துளையின் விளிம்பு கம்பியின் உறையைச் சிறிது சிறிதாக அறுத்துவிட்டால், மின்சாரம் நேராகத் தகட்டில் பாயும். 12 வோல்ட்தானே என்று எண்ணாதீர்கள். ஷாக் அடிக்காது, உண்மை. ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து கம்பி பழுக்கக் காய்ந்துவிடும்.

அதனால் துளைக்கு ரப்பர் வளையம் கட்டாயம். ஃபியூஸைப் பேட்டரியை ஒட்டியே வையுங்கள். அது காப்பது விளக்கை அல்ல, கம்பியை. 120 வாட் விளக்கு 10 ஆம்பியர் இழுக்கும். ரிலே வைத்தால் அந்த 10 ஆம்பியர் உள்ளே வரவே தேவையில்லை, சுவிட்சுக்கு மெல்லிய கம்பி போதும்.

துளையிடும் முன் தகட்டின் மறுபுறம் பிரேக் குழாய் ஓடுகிறதா என்று பாருங்கள். ஆட்டோ கியர் வண்டி என்றால், கிளட்ச்சுக்கு விட்ட இடத்தைப் பெரும்பாலும் ஒரு ரப்பர் மூடி அடைத்திருக்கும். அதில் சிறு ஓட்டை போட்டாலே வேலை முடிந்தது. இயந்திரப் பக்கத்தில் கம்பி சற்றுக் கீழே தொங்கி மேலேறட்டும். நம் ஊர் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.