மிச்சப் பொருள்களும் பிள்ளைகளின் விளையாட்டும்: ஸ்கிராப்ஸ்டோரில் தொண்டாற்றுதல்

துணிக்கடைக்கு வந்திறங்கும் ஒவ்வொரு துணிச்சுருளின் உள்ளேயும் தடித்த அட்டைக்குழாய் ஒன்று இருக்கும். துணி விற்றுத் தீர்ந்ததும் குழாய் வீசப்படும். தரைவிரிப்பு விற்பவரிடம் பழைய மாதிரித் துண்டுகள், அச்சகத்தில் ஓரம் வெட்டிய தாள்கள், மின்கம்பி சுற்றி வந்த மர உருளைகள், பொதி கட்டும் இடத்தில் நுரைத்தகடுகள் என ஒவ்வொரு தொழிலிலும் இத்தகைய சுத்தமான, பழுதற்ற மிச்சம் உண்டு. இவற்றைச் சேகரித்து, தரம் பிரித்து, பிள்ளைகளின் விளையாட்டுக்கும் கைவேலைக்கும் வழங்கும் தொண்டு நிறுவனங்கள் ஐக்கிய இராச்சியத்தின் பல நகரங்களில் இயங்குகின்றன. இவை ஸ்கிராப்ஸ்டோர் என்று அழைக்கப்படுகின்றன. பிரிஸ்டல் நகரில் 1982ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சில்ட்ரன்ஸ் ஸ்கிராப்ஸ்டோர் இவற்றுள் நன்கு அறியப்பட்டதாகும்.

இத்தகைய நிறுவனங்களில் சம்பளம் பெறும் ஊழியர் சிலரே இருப்பர். அன்றாட வேலையின் பெரும் பகுதி தொண்டர்களின் கைகளில்தான் உள்ளது. தமிழ் பேசும் குடியிருப்பாளர்களில் பலர், குறிப்பாக ஆங்கிலம் சரளமாகப் பேச இயலாதோரும் அண்மையில் இந்நாட்டுக்கு வந்தோரும், தன்னார்வத் தொண்டு தங்களுக்கு உரியதன்று என எண்ணி விலகி நிற்கின்றனர். ஸ்கிராப்ஸ்டோரைப் பொறுத்தவரை அந்த எண்ணம் சரியானதன்று. அங்கு என்ன நடைபெறுகின்றது, யார் சேரலாம், எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகின்றது.

பொருள்கள் வரும் வழியும் போகும் வழியும்

வணிக நிறுவனங்கள் மிச்சப் பொருளை இலவசமாகக் கொடுப்பதற்கு நல்லெண்ணம் ஒரு காரணம். செலவு மற்றொரு காரணம். இந்நாட்டில் வணிகக் கழிவை அகற்றுவதற்குப் பணம் செலுத்த வேண்டும். நிலத்தில் புதைக்கப்படும் கழிவின் மீது 1996ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதல் தனி வரியும் விதிக்கப்படுகின்றது. தொடக்கத்தில் டன் ஒன்றுக்கு 7 பவுணாக இருந்த இவ்வரியின் பொது வீதம், இங்கிலாந்தில் 2025 ஏப்ரலில் 126.15 பவுணாக உயர்ந்தது. எனவே ஒரு வான் நிறைய அட்டைக்குழாய்களை ஸ்கிராப்ஸ்டோர் எடுத்துச் சென்றால் கொடுப்பவருக்கும் ஆதாயமே.

மறுபுறத்தில் பாடசாலைகள், முன்பள்ளிகள், வீட்டில் பிள்ளைகளைப் பராமரிப்போர், இளைஞர் கழகங்கள், முதியோர் நிலையங்கள் முதலியன ஸ்கிராப்ஸ்டோரில் உறுப்பினராகச் சேர்கின்றன. வழக்கமாக ஆண்டுக்கு ஒருமுறை சந்தா செலுத்த வேண்டும். பின்னர் சிறு தொகை ஒன்றுக்கு ஒரு பை அல்லது ஒரு தள்ளுவண்டி நிறையப் பொருள்களை எடுத்துச் செல்லலாம். சனிக்கிழமைகளில் நடைபெறும் தமிழ்ப் பாடசாலைகளும் இவ்வாறு சேரத்தக்க குழுக்களே. கலைவிழாவுக்கு மேடைத் திரையும் கிரீடமும் செய்வதற்கு ஒவ்வோர் ஆண்டும் புதிய அட்டையும் மினுமினுப்புத் தாளும் விலைக்கு வாங்கும் பாடசாலைகள் இதனை ஒருமுறை ஆராய்ந்து பார்க்கலாம்.

பிள்ளைக்குக் குப்பையா?

இக்கேள்வி நம்மவர்களிடமிருந்து அடிக்கடி எழுகின்றது. அதைக் குறைவாக மதிப்பிடலாகாது. விளையாட்டுச் சாமான் வாங்க வழியில்லாத காலத்தைக் கடந்து வந்த பெற்றோர், தம் பிள்ளையாவது கடையில் வாங்கிய புதிய பொருளோடு விளையாட வேண்டும் என விரும்புவது இயல்பு. அட்டைக்குழாயையும் பழைய வலைத்துண்டையும் பிள்ளையின் கையில் கொடுப்பது அவர்களுக்குப் பின்னோக்கிச் செல்வதாகத் தோன்றலாம்.

ஆயினும் நுங்குக் கோம்பையில் வண்டி செய்து ஓட்டியவர்களும், சிரட்டையில் மண்சோறு சமைத்தவர்களும், தேய்ந்த சைக்கிள் டயரைத் தடியால் தட்டித் தெரு முழுவதும் உருட்டிச் சென்றவர்களும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. அந்தச் சிரட்டை சில வேளை பானையாகும், சில வேளை தராசாகும், பிறகு தொலைபேசியாகும். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் தொலைபேசியோ என்றும் தொலைபேசியாகவே இருக்கும்.

இதையே 1971ஆம் ஆண்டு சைமன் நிக்கல்சன் என்ற பிரித்தானியச் சிற்பி ஒரு கட்டுரையில் கோட்பாடாக முன்வைத்தார். ஓரிடத்தில் பிள்ளைகள் நகர்த்தவும் அடுக்கவும் பிரிக்கவும் மாற்றவும் கூடிய உதிரிப் பொருள்கள் எவ்வளவு அதிகமாகவும் பலவகையாகவும் உள்ளனவோ, அவ்வளவுக்கு அவர்களின் கண்டுபிடிப்புத் திறனும் விரியும் என்பது அவர் வாதம். சறுக்குப் பலகையும் ஊஞ்சலும் சீமெந்துத் தரையில் நிலையாகப் பொருத்தப்பட்ட விளையாட்டிடத்தில், படைக்கும் வேலையைப் பெரியவர்களே முடித்துவிடுகின்றனர். பிள்ளைக்கு எஞ்சுவது பயன்படுத்தும் வேலை மட்டுமே என அவர் குறை கூறினார். அக்குறை இன்றும் பல பூங்காக்களுக்குப் பொருந்தும்.

செயலளவில் இச்சிந்தனை இன்னும் பழையது. டென்மார்க் ஜெர்மானியரின் பிடியில் இருந்த 1943ஆம் ஆண்டில், கோப்பன்ஹேகன் நகரின் எம்ட்ரப் பகுதியில் பழைய மரமும் செங்கல்லும் உடைந்த பொருள்களும் நிறைந்த விளையாட்டிடம் ஒன்று திறக்கப்பட்டது. நிலத்தோட்ட வடிவமைப்பாளர் சோரன்சன் என்பவரின் எண்ணத்தில் உருவானது அது. தாம் அமைத்துக் கொடுத்த விளையாட்டிடங்களைக் காட்டிலும், கட்டட வேலை நடைபெறும் இடங்களையும் பழைய பொருள்கள் கிடக்கும் இடங்களையுமே பிள்ளைகள் நாடிச் செல்வதை அவர் கவனித்திருந்தார். போர் முடிந்த பின் 1946இல் அங்கு சென்ற அலன் சீமாட்டி அவ்வெண்ணத்தைப் பிரித்தானியாவுக்குக் கொண்டுவந்தார். குண்டு வீழ்ந்து வெறுமையாகக் கிடந்த லண்டன் நிலங்கள் சில பிள்ளைகளின் விளையாட்டிடங்களாக மாறியது அதன் பின்னரே.

தரம் பிரிக்கும் மேசை

ஸ்கிராப்ஸ்டோரின் இதயம் அதன் தரம் பிரிக்கும் மேசை. வானில் வந்திறங்கும் ஒவ்வொரு பெட்டியும் இம்மேசையில் கொட்டப்பட்டு, கையால் ஒவ்வொன்றாகப் பார்க்கப்படும். பிள்ளை தொடப்போகும் பொருளை முதலில் தொட்டுப் பார்ப்பவர் தொண்டர்தான். கொடுத்தவர் சுத்தமானது என்று கூறியிருந்தாலும் அச்சொல்லை மட்டும் நம்பி எதுவும் தட்டுக்குச் செல்வதில்லை.

முதலில் கூர்மை பார்க்கப்படுகின்றது. அட்டையில் எஞ்சிய உலோகப் பின்கள், வெடித்த பிளாஸ்டிக் விளிம்பு, மரத்தில் துருத்தி நிற்கும் ஆணியும் சிலாம்பும் நீக்கப்பட வேண்டும். நீக்க இயலாவிடின் பொருளே ஒதுக்கப்படும். இரண்டாவது அளவு. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் செல்லும் பொருள் தொண்டையில் சிக்கக்கூடிய அளவினதாக இருக்கக் கூடாது. விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்கும் சிறு உருளையின் உள்விட்டம் 31.7 மில்லிமீற்றர். அதற்குள் முழுமையாக அடங்கும் எதுவும் சிறு பிள்ளைகளுக்கு உரியதன்று. பொத்தான்களும் மணிகளும் போத்தல் மூடிகளும் வளர்ந்த பிள்ளைகளுக்கான தனித் தட்டில் வைக்கப்படுவது இதனாலேயே. பொத்தான் வடிவ மின்கலமும் சிறு காந்தமும் எந்தத் தட்டுக்கும் போகக் கூடாது. விழுங்கினால் குடலையும் உணவுக்குழாயையும் கடுமையாகச் சேதப்படுத்தக் கூடியவை இவை. நீண்ட கயிறும் நாடாவும் கழுத்தில் சுற்றிக்கொள்ளக்கூடும் என்பதால் பெரியவரின் கண்காணிப்பில் மட்டுமே பயன்படுத்தப்பட வேண்டும் என்ற குறிப்போடு தனியே வைக்கப்படும். முன்னர் என்ன இருந்தது என்று அறிய முடியாத கொள்கலன் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஏற்கப்படுவதில்லை.

நம்மிடையே தையல் தெரிந்தோர் பலர் உள்ளனர். துணியைக் கையில் எடுத்தவுடன் இது பருத்தி, இது நைலோன், இது ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்தது, இதன் ஓரம் நூல் நூலாகப் பிரியும் என்று சொல்லக்கூடிய கைகள் அவை. கடை நடத்தியவர்களுக்குச் சரக்கைப் பார்வையிட்டு எண்ணி அடுக்கும் பழக்கம் உண்டு. தச்சு வேலை தெரிந்த ஒருவர் மர உருளையைத் தேய்த்துச் சிலாம்பு போக்கிவிடுவார். இவ்வறிவுக்கு ஆங்கிலச் சான்றிதழ் தேவையில்லை. அதே வேளை, ஒரே மேசையைச் சுற்றி நின்று வாரந்தோறும் இரண்டு மூன்று மணி நேரம் வேலை செய்யும்போது பேச்சு தானாகவே வரும். வகுப்பறையில் வாய் திறக்கத் தயங்குவோர், கையில் வேலையோடு நிற்கும்போது அவ்வளவு தயங்குவதில்லை.

மேசை வேலையைத் தவிர, வானில் சென்று பொருள் ஏற்றி வருதல், தட்டுகளை நிரப்புதல், உறுப்பினர்களுக்குப் பணம் பெறும் இடத்தில் உதவுதல், பொருள்களைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதற்கு மாதிரிகள் செய்து வைத்தல் ஆகிய பணிகளும் உள்ளன. பாரம் தூக்கும் வேலைக்கு முன் அதற்கான பயிற்சி அளிக்கப்பட வேண்டும். முதுகு வலியோ வேறு நோயோ இருப்பின் முன்கூட்டியே கூறுங்கள். உட்கார்ந்து செய்யும் வேலையும் அங்கு ஏராளம்.

பிள்ளைகளுடன் இருக்கும்போது

பல ஸ்கிராப்ஸ்டோர்கள் பாடசாலைகளிலும் பூங்காக்களிலும் விளையாட்டு அமர்வுகளை நடத்துகின்றன. பிரிஸ்டல் நிறுவனம், பெரிய உதிரிப் பொருள்கள் நிறைந்த சேமிப்புக் கூடங்களைப் பாடசாலை முற்றங்களிலேயே நிறுவி, மதிய இடைவேளையில் பிள்ளைகள் அவற்றை எடுத்து விளையாடும் முறையை உருவாக்கியது.

இவ்வமர்வுகளில் தொண்டருக்குரிய வேலை, பார்வைக்கு எளிது, பழகுவதற்குக் கடினம். விளையாட்டைப் பிள்ளையே தெரிவு செய்து தானே நடத்த வேண்டும் என்பது இந்நாட்டின் விளையாட்டுப் பணியாளர்கள் ஏற்றுக்கொண்ட அடிப்படைக் கொள்கை. ஆகவே “இப்படிச் செய், அது வீடு மாதிரி இல்லையே” என்று திருத்துதல் ஆகாது. குழாயைக் குழாயின் மேல் நிறுத்தி அது விழுவதைப் பிள்ளை பத்து முறை பார்க்கட்டும். ஆபத்து நேரும் இடத்தில் தடுக்க வேண்டும். கேட்டால் உதவ வேண்டும். மற்ற நேரங்களில் அருகில் இருந்தால் போதும். கையைப் பிடித்து எழுதப் பழக்கிய தலைமுறைக்கு இது சற்றுச் சிரமம்தான்.

யார் சேரலாம்?

உதவித்தொகை பெறுவோர் தன்னார்வத் தொண்டு செய்யலாம். பயணச் செலவு போன்ற உண்மையான செலவுகளை மட்டுமே நீங்கள் திரும்பப் பெற வேண்டும். உங்கள் உதவித்தொகைக்குரிய நிபந்தனைகளையும் தொடர்ந்து நிறைவேற்ற வேண்டும். யூனிவர்சல் கிரெடிட் பெற்று வேலை தேடுவோர் தமது ஜொப்சென்டர் அலுவலரிடம் முன்கூட்டியே தெரிவிப்பது அவசியம். வேலை தேடுவதற்கென ஒதுக்கப்பட்ட நேரத்தில் பாதி வரை தொண்டு நேரமாகக் கணக்கிடப்படலாம்.

அகதித் தஞ்சம் கோரி முடிவுக்காகக் காத்திருப்போரும் பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்களில் தொண்டாற்ற அனுமதி உண்டு. ஆனால் அது சம்பள ஊழியர் ஒருவரின் இடத்தை நிரப்பும் வேலையாகவோ, ஒப்பந்தத்தால் கட்டுப்படுத்தும் வேலையாகவோ இருத்தல் கூடாது. சம்பளமில்லா வேலையும் தொண்டும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல. மாணவர் விசாவில் உள்ளோரும் இவ்வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஒப்பந்தக் கடமையுள்ள வேலை, அவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட வேலை நேரத்தில் சேரும். பேரப்பிள்ளைகளைப் பார்க்க வருகையாளர் விசாவில் வந்திருக்கும் அம்மம்மாவும் தாத்தாவும்கூடப் பதிவு பெற்ற தொண்டு நிறுவனமொன்றில் மொத்தம் 30 நாள்களுக்கு மேற்படாமல் தொண்டு செய்யலாம். வருகையின் முதன்மை நோக்கம் அதுவாக இருக்கக் கூடாது. விதிகள் மாறக்கூடியவை என்பதால் ஐயம் இருப்பின் குடிவரவு ஆலோசகரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இளையோரில், டியூக் ஒஃப் எடின்பரோ விருதுக்காகத் தொண்டுப் பகுதியை முடிக்க வேண்டிய 14 வயதுக்கு மேற்பட்டோர், தங்கள் பகுதி ஸ்கிராப்ஸ்டோர் அவ்வயதினரை ஏற்கின்றதா எனக் கேட்டுப் பார்க்கலாம்.

மேசையிலும் பண்டகசாலையிலும் மட்டும் வேலை செய்வோருக்குப் பொதுவாகக் குற்றப்பதிவுச் சோதனை வேண்டியதில்லை. பிள்ளைகளுடன் ஒழுங்காகப் பணியாற்றுவோருக்கு டி.பி.எஸ். சோதனை கேட்கப்படும். தொண்டர்களிடம் டி.பி.எஸ். இதற்குக் கட்டணம் அறவிடுவதில்லை. அச்சோதனையில் வெளிநாட்டுப் பதிவுகள் அடங்குவதில்லை என்பதால், அண்மையில் வந்தவர்களிடம் முன்பு வாழ்ந்த நாட்டின் பொலிஸ் நற்சான்றிதழும் கோரப்படலாம். இது எல்லா நாட்டினருக்கும் உரிய நடைமுறையே. உங்கள்மீது கொண்ட ஐயம் என்று கருத வேண்டாம்.

தொடங்குவது எவ்வாறு?

எமது நூலகங்களின் முகப்பு மேசையிலோ, உள்ளூர்த் தொண்டர் நிலையத்திலோ அருகிலுள்ள ஸ்கிராப்ஸ்டோரின் விவரங்களைக் கேட்கலாம். முதற் சந்திப்புக்கு ஆங்கிலம் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்வதில் தவறில்லை. ஆனால் பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக்குவதைத் தவிர்த்தல் நன்று. எந்த நாள், எத்தனை மணி நேரம் வரமுடியும் என்பதை உள்ளபடியே கூறுங்கள். வாரம் மூன்று நாள் வருவதாகச் சொல்லி ஒரு மாதத்தில் நின்றுவிடுபவரைக் காட்டிலும், இரு வாரங்களுக்கு ஒரு காலைப்பொழுது தவறாமல் வருபவரே நிறுவனத்துக்கு உதவியானவர். பயணச் செலவு திரும்பக் கிடைக்குமா, விபத்துக் காப்புறுதி உண்டா, சில மாதங்களின் பின் வேலை விண்ணப்பத்துக்குச் சான்றுக் கடிதம் தருவார்களா என்பவற்றையும் அப்போதே கேட்டறியலாம். இக்கேள்விகளை யாரும் பிழையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வேலைக்குச் செல்லும் நாளில் விரல்களை மூடிய தட்டைச் சப்பாத்து அணியுங்கள்; தொங்கும் சால்வையையும் நீண்ட சங்கிலியையும் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். பண்டகசாலைகள் பெரும்பாலும் குளிராக இருக்கும். ஆகவே ஒரு கம்பளிச் சட்டை கையோடு இருக்கட்டும்.