வேஸ்ட் ஆயிலை டீசலில் கலக்கலாமா?

வணிகப் பெருமக்களுக்கு 2012-ஆம் ஆண்டு மறந்திருக்காது. கரண்ட் வருவதே விசேஷமாக இருந்த அந்த நாட்களில் வேடசந்தூர் கடைவீதியில் பேச்சுச் சத்தத்தைவிட ஜெனரேட்டர் சத்தமே அதிகம். போதாக்குறைக்கு அந்த செப்டம்பரில் டீசல் லிட்டருக்கு 5 ரூபாய் ஏறியது. ஆயில் மாற்றும்போது வடிக்கும் வேஸ்ட் ஆயிலைத் துணியில் வடிகட்டி டீசலில் கலந்தால் என்ன என்ற யோசனை நமக்கும் அப்போதுதான் வந்தது.

டீசல் என்ஜின் எதையும் குடிக்கும் என்ற பேச்சு முழுப் பொய்யல்ல. 1900-இல் பாரீஸ் கண்காட்சியில் அதைக் கடலை எண்ணெயிலேயே ஓட்டிக் காட்டினார்கள். வேஸ்ட் ஆயிலும் நன்றாகவே எரியும்.

நாலுக்கு ஒன்று என்று கலந்தோம். இரண்டு மாதம் ஓடியது. பிறகு கறும்புகை, ஒருநாள் சரக்கு இறங்கும் நேரத்தில் நின்றே போயிற்று. பம்பும் நாசிலும் மாற்ற வேண்டியதாயிற்று. டீசலில் மிச்சம் பிடித்ததைவிடப் பட்டறைக்குக் கொடுத்தது அதிகம்.

காரணம் பிறகுதான் விளங்கியது. பழைய ஆயிலில் தேய்ந்த இரும்புத் துகளும் புகைக்கரியும் கலந்திருக்கும். சில சமயம் தண்ணீரும் இருக்கும். பம்பின் உள்ளே இருக்கும் இடைவெளியோ தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அதைக் கெடுக்கும் துகளை வேட்டித் துணி பிடிக்குமா? ஆயிலில் சேர்த்திருக்கும் துத்தநாகம், கால்சியம் போன்றவை எரிந்து தீராமல் சாம்பலாகி வால்வில் படியும். புகையோடு வெளியேறுவது நம் கடைவாசலுக்குத்தான் வரும்.

மெதுவாக ஓடும் பழைய லிஸ்டர் வகை என்ஜின் கொஞ்சம் தாங்கும் என்பார்கள். நாம் அதைச் சிபாரிசு செய்ய மாட்டோம்.

2016-ஆம் ஆண்டு விதிகளின்படி வேஸ்ட் ஆயில் அபாயகரமான கழிவு. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி உள்ளவர்களிடமே கொடுக்க வேண்டும். அதைச் சுத்திகரித்தால் மறுபடி ஆயிலாகும். அந்த ஏற்பாட்டுக்கு ஆயில் கம்பெனிகளும் பொறுப்பு என்ற விதி 2024 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. தெருவில் வந்து கேட்பவர் இரண்டு ரூபாய் கூடத் தரலாம். அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

மளிகைக்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. நம் கைக்கு எளிதில் கிடைப்பது காலி 15 கிலோ எண்ணெய் டின். வேஸ்ட் ஆயில் ஊற்றி வைத்த டின் பழைய டின் வாங்குபவரிடம் போய், அதில் மறுபடி சமையல் எண்ணெய் அடைத்து யார் வீட்டுக்கு வரும் என்று சொல்ல முடியாது. ஒருமுறை பயன்படுத்திய டின்னில் மறுபடி சமையல் எண்ணெய் அடைக்கவே கூடாது என்பது 2018-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதி. நம் குடோனில் வேஸ்ட் ஆயிலுக்கென்றே சிவப்புப் பெயிண்ட் அடித்த பேரல் ஒன்று மூடியோடு தனியாக நிற்கிறது.